கீழ்நான்காம் தளத்தில் தோகாஷி

தோகாஷியின் பிணம் இன்னும் கீழ்நான்காம் தளத்தில்தான் கிடந்தது. மாலை ஐந்து மணிக்குள் அதை மேலே கொண்டுவந்துவிட வேண்டும் என்று, பல்லைக் கடித்துக்கொண்டு இருட்டில் இறங்கிக்கொண்டிருந்தாள் அவன் மனைவி ஃபுசாயே.

துணைக்கு வந்தவர்கள் இரண்டே பேர். விளக்கு மந்திரம் தீர்ந்துவிட்டது. பூசாரியின் உடம்பில் விஷம் ஏறியிருந்தது. அடுத்த கதவைத் திறப்பதற்குள், குளியலறையில் சலவை இயந்திரம் வேலை முடிந்ததென்று அலறியது.

"கத்து, கத்து! உனக்கு இப்பத்தான் நேரம் கிடைச்சுதா?" என்று அதைத் திட்டிவிட்டு, தொலைக்காட்சிக்கு இன்னும் அருகே நகர்ந்து உட்கார்ந்தாள்.

அந்தக் கேம் கேசட் மேல்வீட்டுக் குராமோச்சியுடையது. கம்பெனிக் குடியிருப்பில் மட்டுமல்ல, அலுவலகத்திலும் அவர் தோகாஷிக்கு மேலே; பிரிவுத் தலைவர். நான்கு மாதம் பாடுபட்டு வளர்த்த ஆறு வீரர்களுக்கும் தம் கீழ் வேலை செய்யும் ஆறு பேரின் பெயர்களையே சூட்டியிருந்தார். தோகாஷிக்கு வாய்த்தது திருடன் வேடம்.

திங்கட்கிழமை அவர் அலுவலாக நகோயாவுக்குப் போனதும், திருமதி குராமோச்சியே படியிறங்கி வந்து கேசட்டைக் கொடுத்தாள். "சும்மாத்தானே கிடக்கு? உன் வீட்டுக்காரர் விளையாடட்டும்மா" என்றாள். அன்று மாலை ஃபுசாயே எட்டிப் பார்த்தபோது, ஆறு பேரும் பிணம்.

"நான் எதுவும் பண்ணலை. கேசட்டைப் போட்டவுடனேயே செத்துத்தான் கிடந்தாங்க!" என்றான் தோகாஷி.

"பச்சிங்கோ சூதாட்டக் கடைப் பக்கமே போகலைன்னு சொன்னப்பவும் இதே மூஞ்சிதான் வச்சிருந்தீங்க."

இந்த விளையாட்டில் செத்தவன் செத்தவனே. இயந்திரத்தை அணைத்துப் போட்டாலும் பிணம் விழுந்த இடத்திலேயே கிடக்கும். வேறொரு கூட்டம் இறங்கித் தூக்கிவந்து, கோயிலில் உயிர்ப்பிக்க வேண்டும். மார்ச் மாத இடமாற்றப் பட்டியலை எழுதப்போகிறவர் குராமோச்சி. வடகோடியில் பனி கொட்டும் குஷிரோ கிளைக்கு ஓர் ஆள் தேவை என்று ஏற்கெனவே பேச்சு.

ஆகவே கணவன் அலுவலகம் போனதும் கதவைச் சாத்திக்கொண்டு, நான்கு நாள்களாகப் புதிதாக ஆறு பேரை வளர்த்தாள் ஃபுசாயே. கட்டம் போட்ட தாளில் பென்சிலால் ஒவ்வொரு தளத்தையும் வரைந்தாள். நேற்று ஆறு பேரோடும் போய்ப் பிணங்களைக் கண்டுபிடித்த பிறகுதான், பிணங்களையும் சேர்த்து ஒரு கூட்டத்தில் ஆறு பேருக்கு மேல் இருக்க முடியாதென்று தெரிந்தது. கண்ணெதிரே கிடந்தவர்களை விட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்பினாள்.

இன்று மூன்று பேராகப் போய், காலையில் மூவரை மீட்டாயிற்று. மிச்சம் தோகாஷியும் இன்னும் இருவரும்.

வாசல் மணி அடித்தது. ஃபுசாயே தொலைக்காட்சியின் மேல் மேசை விரிப்பை எறிந்துவிட்டு ஓடினாள். குடியிருப்புச் சுற்றறிக்கையை ஏந்தியபடி திருமதி குராமோச்சி நின்றிருந்தாள்; அவளது இடது கட்டைவிரலில் பிளாஸ்டர்.

"முள்ளங்கி துருவினேன், பட்டுடுச்சு" என்றவளின் பார்வை ஃபுசாயேயின் தோளைத் தாண்டிப் போயிற்று. "டிவி ஓடுதா?"

"சமையல் நிகழ்ச்சி அக்கா."

"ஓகோ. அஞ்சு மணிக்கு அவர் வந்துடுவார். அவசரமெல்லாம் இல்லை… ஆனா அஞ்சு மணிக்கு வந்துடுவார்."

அவள் போன பிறகு, மேல்வீட்டில் அங்குமிங்கும் நடக்கும் காலடி ஓயவே இல்லை. அந்த ஓசைக்கு அடியில் ஃபுசாயே மீண்டும் இறங்கினாள். திசைப் பொத்தானை அழுத்தி அழுத்திக் கொப்பளித்திருந்த இடது கட்டைவிரல் எரிந்தது.

மிதித்தவரைச் சுழற்றிவிடும் தரை ஒன்று வந்தது. வடக்கு எது, தெற்கு எது என்று புரியாமல் சுவரைத் தடவித் தடவி நடந்து, கடைசிக் கதவை உதைத்துத் திறந்தாள். உள்ளே மூன்று பிணங்கள். அவற்றின் மேல் ஐந்து பேய்கள்.

"ஓடு!" என்று ஆணையிட்டாள். முதல்முறை முடியவில்லை, மந்திரவாதி சரிந்து ஒற்றை உயிர்ப்புள்ளியில் நின்றான். இரண்டாம் முறை தப்பி, சுற்றிவந்து, பேய்கள் விலகிய நேரத்தில் மூவரையும் அள்ளிக்கொண்டாள். ஒவ்வோர் அடிக்கும் விஷம் பூசாரியைத் தின்றது. வெளிப்படியை மிதித்தபோது அவனிடம் மிஞ்சியது இரண்டு அடிக்கான உயிர்.

கோயிலில் முதல் இருவரும் எழுந்தார்கள். தோகாஷியின் முறை வந்தபோது மந்திரம் பலிக்கவில்லை, திருடன் சாம்பலானான். இன்னொரு முறை தவறினால் பெயரே அழிந்துபோகும்.

"எழுந்திருங்க, இனிமே உங்களைத் திட்ட மாட்டேன்" என்று கண்ணை மூடிக்கொண்டு பொத்தானை அழுத்தினாள். கண் திறந்தபோது தோகாஷி நின்றுகொண்டிருந்தான்.

மணி நாலே முக்கால். கேசட்டைத் துணியில் முடிந்து, ஒரு பெட்டி இனிப்பும் எடுத்துக்கொண்டு மாடியேறினாள். எதுவும் நடவாததுபோலக் கொடுத்துவிட்டு வருவதென்பது முடிவு. மணியைத் தொடுமுன்பே கதவு திறந்தது.

திருமதி குராமோச்சி இனிப்பைத் திரும்பியும் பார்க்கவில்லை. கேசட்டைப் பறித்து மார்போடு அணைத்துக்கொண்டு, படிக்கட்டை ஒருமுறை எட்டிப் பார்த்தாள்.

"எல்லாரும்… உயிரோடதானே இருக்காங்க?"

ஃபுசாயே ஆமென்று தலையை ஆட்டினாள்.

பிரிவுத் தலைவரின் மனைவி வாசற்படியிலேயே இடுப்பு மடியக் குனிந்தாள்.

"சனிக்கிழமை நான் அவங்களைச் சாகடிச்சதிலேருந்து எனக்குத் தூக்கமே இல்லைங்க!"