பொன் ஒட்டாத இடம்

அம்மனின் எஃகு முகக்கவசத்துக்குப் பொன்னிறப் பூச்சு ஏற்றிய வெற்றிடக் கலத்தை ஆவுடையப்பன் திறந்தார். கன்னத்தில் மீண்டும் ஐந்து சிறுவிரல்களின் தடம். வெறுங்கை பட்ட இடத்தில் பூச்சு ஒட்டாது. அந்தப் பட்டறையில் கையுறையின்றி எவரும் எதையும் தொடுவதில்லை. பூச்சை உரித்துக் கழுவி வைக்குந்தோறும் தடம் திரும்பியது. இம்முறை விரல்கள் சற்றே நீண்டிருந்தன.

“வளர்ந்துட்டா,” என்றாள் உடன் பணிபுரியும் மனைவி மரகதவல்லி. மூச்சின்றியே பிறந்த மகளைத்தான் சொன்னாள்.

“பிதற்றாதே! நாளைக்குக் குடமுழுக்கு. அம்மனை முகமில்லாம நிறுத்தச் சொல்றியா?”

மறுபடியும் கழுவி உள்ளே வைத்துக் கதவை இறுக்கினார். காற்றை உறிஞ்சும் பம்பின் பொத்தானில் விரல் வைத்தபோது அவள் அந்தக் கையைப் பற்றினாள்.

“வேண்டாங்க. உள்ளே அவளுக்கு மூச்சு முட்டும்.”

கதவின் வட்டக் கண்ணாடி உட்புறமாக மெல்லப் பனித்தது. அவர் விரல் பொத்தானின்மேல் அப்படியே இருந்தது.