என் கண் முன்னாலதான் கழட்டணும்

"இது உள்ள போகாது" என்றாள் அந்தப் பெண். பையிலிருந்து வெளியே வந்த லேப்டாப்பை ஒரு தடவை பார்த்ததோடு சரி. தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

மிக்கேல்ராஜுக்குச் சுருக்கென்றது. மூன்று நாள் தேடி ஆன்லைனில் வாங்கிய எஸ்.எஸ்.டி. டிஸ்க்கின் அட்டைப்பெட்டியை இன்னும் பிரிக்கவே இல்லை. அதற்குள் போகாது என்றால் என்ன அர்த்தம்?

"தொறந்து பாக்காம எப்படிம்மா சொல்லுத?"

"நீங்க வாங்கிருக்கது நீளம் அங்கிள். இதுல குட்டை டிஸ்க்குதான் சேரும்."

அவர் மகள் ஷைனியின் காதருகே குனிந்தார். "பாத்தியா, அவங்க சரக்க நம்ம தலையில கட்டப் பாக்காங்க."

தாராவி தொண்ணூறு அடி ரோட்டில் சலாவுதீனின் ரிப்பேர் கடை அது. பேசியது அவர் மகள் சஃபீனா. கல்லூரிக் கடைசி வருஷம். ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டைப் போனில் இரண்டு கட்டை விரலால் தட்டிக்கொண்டிருந்தாள்.

ரிப்பேர் கடை விஷயத்தில் மிக்கேல்ராஜ் ஒரு சட்டம் வைத்திருந்தார். சாமானைக் கொடுத்துவிட்டு நகரக் கூடாது. டீ குடித்துவிட்டு வருவதற்குள் நல்ல பார்ட்ஸ் போய் ஓட்டைப் பார்ட்ஸ் ஏறிவிடும் என்பது அவர் கட்சி.

"என் கண் முன்னாலதான் கழட்டணும் பாய்" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"தாராளமா அண்ணாச்சி" என்று சலாவுதீன் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார்.

ஷைனிக்குப் பொறுக்கவில்லை. "எப்படியாச்சும் இன்னைக்கே முடிச்சுக் குடுங்க பாய். திங்கக்கெழம ஒம்பது மணிக்கு லாகின் பண்ணணும். வீட்லருந்தே செய்யுற வேல. இது ஆன் ஆகவே பத்து நிமிஷம் எடுக்கு. ட்ரையல் அன்னைக்கு ரெண்டு வாட்டி ஹேங் ஆயிட்டு. இன்னொரு வாட்டி ஆச்சுன்னா வேற ஆளப் போட்டுருவோம்னு சொல்லிட்டாங்க."

சொல்லும்போதே குரல் உடைந்தது. எட்டு மாதம் அலைந்து கிடைத்த வேலை. போன மாதம்தான் இந்த லேப்டாப்பையே செகண்ட் ஹேண்டில் வாங்கியிருந்தார்கள். இதுவும் கைவிட்டுவிட்டால் வேறு வழியில்லை.

சஃபீனாவின் கட்டை விரல்கள் நின்றன. ஷைனியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சலாவுதீன் அடி மூடியைத் தூக்கினார். உள்ளே யாரோ ரிப்பேர் செய்து ஒட்டியிருந்த பச்சை டேப்பைக் கண்டதும் தூக்கிய கை அப்படியே நின்றுவிட்டது. மெல்ல நிமிர்ந்து மகளைப் பார்த்தார். அவள் லேசாகத் தலையை இடம் வலமாக ஆட்டினாள்.

மிக்கேல்ராஜ் அதைப் பார்த்துவிட்டார். அவருக்கு ரத்தம் கொதித்தது.

"என்ன பாய், கண்ணாலயே பேசிக்கிடுதிய?"

"ஒண்ணுமில்ல அண்ணாச்சி." சலாவுதீன் லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பினார். "நீங்களே வச்சுப் பாருங்க."

மிக்கேல்ராஜ் தன் டிஸ்க்கை வைத்துப் பார்த்தார். இரண்டு விரற்கடை வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. திருகு மாட்ட இடமே இல்லை. அந்தப் பெண் சொன்னது வாஸ்தவம்தான். ஆனால் அதற்காகச் சந்தேகத்தை விட்டுவிட முடியுமா?

"நீளம் மட்டும் சரியா இருந்தாலும் போதாது அண்ணாச்சி" என்றார் சலாவுதீன். "சாட்டா, என்விஎம்இ-ன்னு ரெண்டு ஜாதி இருக்கு. வகை மாறிச்சுன்னா உள்ள டிஸ்க்கு இருக்கதே லேப்டாப்புக்குத் தெரியாது. ஒங்களுத நான் வச்சுக்கிடுதேன், சேருறதத் தாரேன்."

அவர் அலமாரியில் துழாவினார். ஒரு பெட்டியை எடுத்தபோது சஃபீனா குறுக்கிட்டாள். "அது வேண்டாம் வாப்பா. நீலப் பெட்டியில இருக்கதப் போடுங்க. அதான் கச்சிதமாச் சேரும்."

பழைய டிஸ்க்கில் இருந்ததெல்லாம் புதியதில் ஏற ஒன்றரை மணி நேரம் பிடித்தது. மிக்கேல்ராஜ் ஸ்டூலை விட்டு அசையவில்லை. அவர்கள் வரவழைத்துக் கொடுத்த டீயைக்கூட லேப்டாப்பிலிருந்து கண்ணை எடுக்காமல்தான் குடித்தார்.

பொத்தானை அமுக்கியதும் பதினைந்தே விநாடியில் திரை வந்து நின்றது. ஷைனி வாயைப் பொத்திக்கொண்டாள். கண்ணில் பொலபொலவென்று நீர் கொட்டியது.

"அழுகைய பொறவு வச்சிக்கலாம். ரேம் எவ்வளவு காட்டுது, பேட்டரி பழசுதானான்னு பாரு" என்றார் மிக்கேல்ராஜ். பார்த்தாள். எல்லாம் அப்படியே இருந்தது.

"ஒண்ணும் மாத்தலியே பாய்?"

"பக்கத்துலயேதான அண்ணாச்சி இருந்திய" என்றார் சலாவுதீன், அவர் முகத்தைப் பார்க்காமல்.

சஃபீனா எழுந்து வந்தாள். லேப்டாப்பைத் துப்பட்டா நுனியால் துடைத்தாள். ஓரமெல்லாம் நிதானமாகத் துடைத்து, மூடி, ஷைனியின் பையில் வைத்து ஜிப்பையும் இழுத்துவிட்டாள்.

"திங்கக்கெழம பயப்படாம உக்காருங்க அக்கா. இனி ஹேங் ஆகாது."

ஷைனி அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். மிக்கேல்ராஜ் மகளை இழுக்காத குறையாக வெளியே கூட்டிப்போனார். படியிறங்கும்போது, "கள்ளப் பயலுவ. நான் கூட இருந்ததால தப்பிச்சோம்" என்று அவர் சொன்னது கடைக்குள் நன்றாகவே கேட்டது.

இருவரும் பஸ் ஏறும்வரை சலாவுதீன் வாசலிலேயே நின்றார். பிறகு உள்ளே வந்து மகள் எதிரில் உட்கார்ந்தார். கோபப்படுவதா, கட்டிக்கொள்வதா என்று அவருக்கே தெரியவில்லை.

"ட்ரெயின்ல பறிகொடுத்த ஒன் லேப்டாப்ப, ஒன் கையாலயே எடுத்துக் குடுத்து அனுப்பிட்டியேம்மா!"