எடை குறையாத பை

"யோவ் துலுக்காணம், யாரு காதுல பூ சுத்தற? இருபத்தஞ்சு கிலோ எடுத்துகினு போன. இருபத்தஞ்சு கிலோவும் அப்படியே திரும்பி வந்துகிது. அப்ப ரியாக்டர்ல இன்னாத்த போட்ட?"

ஸ்டோர் கீப்பர் பரசுராமன் தராசைத் தட்டிக் காட்டினார். கவரைப்பேட்டை அரிசி மண்டியை விட்டு, கும்மிடிப்பூண்டியின் இந்தக் கெமிக்கல் கம்பெனிக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. வேலைக்குப் போன சரக்கு குறையாமல் திரும்பியதை அவர் ஜென்மத்தில் பார்த்ததில்லை.

துலுக்காணம் இருபது வருட ஆபரேட்டர், இன்னும் கான்ட்ராக்ட்தான். இடது கையைப் பேன்ட் பாக்கெட்டுக்குள் விட்டபடி தரையையே பார்த்தார்.

"கேக்கறேன்ல? மேனேஜர்கிட்ட சொன்னா நாளைக்கு நீ கேட்டைத் தாண்ட முடியாது."

"சார், அவரை விடுங்க!"

லேபிலிருந்து கெமிஸ்ட் நந்தினி ஓடி வந்தாள். கையில் டெஸ்ட் ரிப்போர்ட்.

"அது கேட்டலிஸ்ட் சார். பைக்குள்ள இருக்கற மணியெல்லாம் பாலிகார்பாக்சிலிக் ஆசிட், தெறிக்காத கெட்டி ஆசிட். ரியாக்டர்ல முக்கி வெச்சா, உள்ள இருக்கற ரெண்டு சரக்கையும் சேர்த்து வைக்கும். தான் செலவாகாது. கழுவிக் காய வெச்சா அதே எடை. கல்யாணத் தரகர் மாதிரின்னு வெச்சுக்குங்களேன்."

"தரகர் எடை கூடித்தாம்மா திரும்புவாரு" என்றார் பரசுராமன், குரல் இறங்கி.

இத்தனை நாளும் அந்தத் தரகு வேலையைப் பார்த்தது கந்தக அமிலம். பொல்லாத சரக்கு. மூன்று வருடம் முன்பு அது தெறித்துத்தான் துலுக்காணத்தின் வலது புறங்கை சுருங்கிப்போனது. ஆட்டோவில் அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன நந்தினி, அந்த அமிலத்தைக் கம்பெனியை விட்டே விரட்டுவது என்று அன்றைக்கு முடிவு செய்தாள். மூன்று வருட உழைப்பு இந்த மணிகள். போன வாரம் சின்ன ரியாக்டரில் போட்டபோது காலை வாரிவிட்டன. "இன்னும் ஒரே சான்ஸ். அதுவும் ஓடலன்னா பழைய ஆசிட்தான். நீயும் வேற வேலை பார்த்துக்க" என்று மேனேஜர் மோசஸ் சொல்லிவிட்டார்.

அந்த ஒரே சான்ஸ்தான் இன்று.

"போட்டதுல தொண்ணூத்தெட்டு பர்சன்ட் சரக்கா மாறி வந்திருக்கு! கேட்டலிஸ்ட் போடாம இது எப்படி வரும்?" என்று ரிப்போர்ட்டை நீட்டினாள் நந்தினி.

சத்தம் கேட்டு வந்த மோசஸ் ரிப்போர்ட்டை இரண்டு முறை படித்தார். "குட். அடுத்த மாசத்துலேர்ந்து எல்லா ரியாக்டர்லயும் இதையே போடுங்க" என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

"மனசுல வெச்சுக்காதப்பா" என்று துலுக்காணத்தின் தோளைத் தட்டிவிட்டு, பரசுராமனும் டீ குடிக்கப் போனார்.

நந்தினிக்குக் கண் கலங்கியது. "அண்ணா, இனிமே அந்த ஆசிட் டிரம் பக்கமே நீங்க போக வேணாம்."

துலுக்காணம் தலையை மட்டும் ஆட்டினார்.

சாம்பிள் எடுக்க அவள் பையின் முடிச்சை அவிழ்த்தாள். ரியாக்டருக்குள் ஒருமுறை போய் வந்தால் மணிகள் தேன் நிறத்துக்கு மாறிவிடும். போன வாரம் தோற்றபோதுகூட மாறியிருந்தன.

பைக்குள் ஜவ்வரிசி போல வெள்ளை வெளேரென்று கிடந்தன மணிகள்.

நந்தினி மெல்ல நிமிர்ந்தாள்.

"போன வாரம் லேப் பின்னால நீ அழுதுகினு இருந்தத பார்த்தேம்மா. இதுவும் ஓடலன்னா உன் வேலை பூடும்னு பயந்துட்டேன். அதான், மூட்டைய ஓரமா வெச்சிட்டு பழைய ஆசிட்டையே ஊத்திட்டேன்."

சொல்லிவிட்டு, பாக்கெட்டிலிருந்து இடது கையை வெளியே எடுத்தார் துலுக்காணம். புறங்கை முழுக்கப் புதுக் கொப்புளம்.