பாத்திரத்தில் கிருமி

"ஐயோ, வெடி!" என்று குதித்தாள் கல்லுடைக்கும் சாராள்.

வெடி இல்லை. கிறிஸ்தவக் கோயில் வாசலில் வந்து நின்ற காரின் டயர் வெடித்த சத்தம். உள்ளேயிருந்து டாக்டர் ஞானாதிக்கம் இறங்கினார். ஜெர்மனியில் வேதசாஸ்திரம் படித்தவர். கிறிஸ்தவர்களின் மூடநம்பிக்கையை ஒழித்துவிட்டுத்தான் மறுவேலை என்று ஊர் ஊராகப் போகிறவர். இந்த ஞாயிறு கிருஷ்ணகிரி.

"அந்தப் பெட்டியை உலுக்காம எடுங்க. உள்ளே கண்ணாடி!"

உபதேசியார் ஜெபதுரை பெட்டியைத் திறந்தார். மருந்து ஊற்றிக் கொடுக்கிற அளவில் குட்டிக் குட்டிக் கிளாசுகள்.

"எதுக்குங்க ஐயா இது?"

"இன்னைக்கு நற்கருணைத் திராட்சரசம் இதுலதான். ஆளுக்கு ஒண்ணு. ஒரே பாத்திரத்துல ஊரே வாய் வைக்கிறது காட்டுமிராண்டித்தனம். கிருமி, ஜெபதுரை, கிருமி! உலகம் நிலாவுக்கு ராக்கெட் விடுது. நீங்க இன்னும் ஆதாம் ஏவாளைக் கட்டிட்டு அழறீங்க. அப்படி யாரும் இருந்ததே இல்லை, தெரியுமில்ல?"

ஆதாம் போனதில் ஜெபதுரைக்குக் கவலையில்லை. பாத்திரம் போவதுதான் இடித்தது. கல்லுடைக்கும் காலனிக்குப் போய், சாராளுக்கும் அவள் சனத்துக்கும் ஒரு வருஷம் பாடம் சொன்னவர் அவர். இன்று அவர்களுக்கு முதல் நற்கருணை. 'நீங்களும் நாங்களும் ஒரே பாத்திரத்துல குடிப்போம்' என்று வாக்குக் கொடுத்துத்தான் கூட்டிவந்திருந்தார்.

"இன்னைக்கு மட்டும் பழைய மாதிரி குடுத்துடுங்க ஐயா. நான் சொன்ன சொல்லு இருக்குது."

"உங்க சொல்லுக்காக விஞ்ஞானம் காத்திருக்குமா?" என்று டாக்டர் சிரித்தார். சிரிப்பும் ஜெர்மனியில் வாங்கியதுதான் போலிருந்தது.

சாராள் ஒரு கிளாசை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். "தனிக் கிளாசுங்களா? டீக்கடையிலயும் எங்களுக்கு அதான் குடுக்கறாங்க. இதுக்கு அங்கியே குடிச்சிருப்பேனே, உபதேசியாரே!"

"உனக்கு மட்டுமில்லம்மா, எனக்கும் தனிதான்" என்றார் டாக்டர், கனிவாக. "இதுல பேதம் எங்கே வந்துச்சு?"

சரியான பேச்சுதான். ஜெபதுரைக்குப் பாதி உயிர் வந்தது. பாவம், மனிதர் கிருமிக்குத்தான் பயப்படுகிறார்.

பிரசங்கத்தில் டாக்டர் வேதத்தை மாம்பழம்போல் உரித்தார். கடல்மேல் நடந்தது தோல், வீசினார். தண்ணீர் ரசமானது தோல், வீசினார். கொட்டையாவது மிஞ்சுமா என்று ஜெபதுரை காத்திருந்தார்.

"ஐந்து அப்பம் பெருகவில்லை! அவரவர் மடியில் ஒளித்ததை எடுத்துப் பகிர்ந்துகொண்டார்கள். பகிர்வதே அற்புதம்!" என்று முழங்கிவிட்டு, தனித்தனிக் கிளாசுகளை நீட்டினார்.

சாராள் குடித்தாள். கிளாசை வைத்துவிட்டு, தன் சனத்தோடு வெளியேறினாள்.

ஆராதனை முடிந்து, பக்கத்து அறையில் ஜெபதுரை காப்பியை ஒரு வாய்தான் குடித்திருப்பார். வேர்வையோடு நுழைந்த டாக்டர், அவர் கையிலிருந்த டம்ளரைச் சுவாதீனமாக வாங்கி, வாய் வைத்து உறிஞ்சினார்.

ஜெபதுரை பதறிப்போனார். "ஐயா, ஐயா! அது என் எச்சிலுங்க. கிருமி…"

டாக்டர் கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு, மீசையைத் துடைத்துக்கொண்டார்.

"அட, உங்க எச்சில்ல ஏதுங்க கிருமி? நீங்க நம்ம சாதிசனமாச்சே!"