முதல் கேள்வி

"மாமா, கையெடுத்துக் கும்பிடறேன். இன்னிக்கு ஒரு நாள் மட்டும் வாயைத் திறக்காதீங்க."

தியேட்டர் வாசலிலேயே மடக்கிவிட்டார் ஃபிலிம் கிளப் செயலாளர். மாட்டிக்கொண்டவர் பைப் கடைக்காரர். ஊருக்கு அவர் டவுட் மாமா. மழையில் தொப்பலாக நனைந்து, தலையில் கைக்குட்டையோடு நின்றார்.

"ஏன் தம்பி, நான் என்ன பண்ணேன்?"

"என்ன பண்ணலைன்னு கேளுங்க. போன மாசம் அந்த டைரக்டர்கிட்ட, 'படம் பூரா ஒருத்தர் நடந்துக்கிட்டே இருக்காரே, பஸ்ஸு கிடைக்கலையா'ன்னு கேட்டீங்க. தியேட்டரே சிரிச்சுது."

"சிரிச்சா நல்லதுதானே?"

"எங்க மானம் போகுது மாமா! இன்னிக்கு வர்ற பொண்ணு வெளிநாட்டுலயெல்லாம் அவார்டு வாங்கினது. அது சந்தோஷமாப் போனாத்தான் இன்னும் நாலு பேர் நம்மளை நம்பிப் படம் கொண்டு வருவாங்க. இல்லேன்னா கிளப்பை இழுத்து மூட வேண்டியதுதான்."

மாமா கொஞ்சம் யோசித்தார். "சரி தம்பி, வாயைத் திறக்கல."

"அப்புறம், ஒரு குடை எடுத்துட்டு வரக் கூடாதா? சீட்டெல்லாம் ஈரமாகுது பாருங்க."

மாமா கைக்குட்டையைப் பிழிந்துகொண்டு உள்ளே போனார்.

ஒரு காலத்தில் ஊரே அடித்துப் பிடித்து டிக்கெட் வாங்கிய தியேட்டர் அது. மூடிக் கிடந்ததை இருபது வருஷத்துக்கு முன்னால் ஊர்க்காரர்களே தூசி தட்டித் திறந்து, மாதம் ஒரு ஞாயிறு சாயங்காலம், வேறெங்கும் ஓடாத சின்னப் படங்களாகப் பார்த்துப் போட ஆரம்பித்தார்கள். இப்போதும் அதே சிவப்பு நாற்காலிகள்தான், உட்கார்ந்தால் முனகும். அதே திரைச்சீலைதான், பாதியில் சிக்கிக்கொள்ளும். யாராவது எழுந்துபோய் இழுத்துவிட வேண்டும். அப்போது கிளம்பும் விசிலுக்காகவே வருகிறவர்கள் உண்டு.

மாமா முதல் படத்திலிருந்து வருகிறவர். அந்த நாளில் பக்கத்து நாற்காலியில் அத்தை இருப்பார். படம் முடிந்து, 'கேள்வி கேட்கலாம்' என்று அறிவித்ததும் மாமா எழுந்திருப்பார். அத்தை சட்டையைப் பிடித்து இழுப்பார். அந்த இழுபறியிலேயே பாதிச் சிரிப்பு தொடங்கிவிடும். ரொம்ப நல்ல நாட்கள் அவை.

இரண்டு வருஷமாக இழுக்க ஆளில்லை. அந்த நாற்காலியில் வேறு யாரும் உட்காருவதும் இல்லை.

படம் ஓடியது. ஒரு வீடு, ஒரு அம்மா, ஒரு மகள், விடாத மழை. அவ்வளவுதான் கதை. விளக்குகள் எரிந்தபோது நிறையப் பேர் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

டைரக்டர் பெண் மைக்கோடு முன்னால் வந்து நின்றாள். "ஏதாவது கேக்கணும்னா கேளுங்க."

யாரும் கேட்கவில்லை.

மருந்துக்கடை அம்மா வாயைத் திறந்தார், உடனே மூடிக்கொண்டார். கணக்கு வாத்தியார் தரையைப் பார்த்தார். அவார்டு வாங்கிய படமாயிற்றே, எதையாவது உளறி வைத்தால் என்ன ஆவது என்று எல்லோருக்கும் பயம்.

"பிடிக்கலையா?" அவள் குரல் இறங்கிவிட்டது.

செயலாளருக்கு வேர்த்தது. "அருமையான படம்!" என்று தானே கை தட்டினார். கூட நாலு பேர் தட்டினார்கள். அதுவும் ஓய்ந்தது.

டவுட் மாமாவோ, கொடுத்த வாக்கைக் காப்பாற்ற இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அவள் மைக்கை வைக்கப் போனாள். என்ன நினைத்தாளோ, நின்று கேட்டாள். "இங்க ஒரு மாமா இருப்பாங்களே... எப்பவும் முதல் கேள்வி அவங்கதான் கேப்பாங்க. இப்ப வர்றதில்லையா?"

செயலாளர் திடுக்கிட்டார். "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"சின்ன வயசுல இந்த ஊர்லதான் இருந்தோம். அப்பா என்னை இங்க கூட்டிட்டு வருவாரு. கேக்கணும்னு ஆசையா இருக்கும், பயமாவும் இருக்கும். அந்த மாமா எழுந்து ஒண்ணு கேப்பாங்க பாருங்க, எல்லாரும் சிரிப்பாங்க. சரி, இதைவிட மோசமா நாம கேட்டுட மாட்டோம்னு எனக்கும் தைரியம் வந்துடும். நான் முதமுதல்ல கை தூக்கினதே அப்படித்தான்."

தியேட்டர் மொத்தமும் திரும்பி மாமாவைப் பார்த்தது. மாமா செயலாளரைப் பார்த்தார்.

செயலாளரே மைக்கை வாங்கிக்கொண்டு ஓடினார். "கேளுங்க மாமா. தயவு செஞ்சு கேளுங்க."

மாமா எழுந்து தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஏம்மா, படம் பூரா மழை. அந்தப் பொண்ணு தெனமும் நனைஞ்சுக்கிட்டே போகுது. கதவுக்குப் பின்னால ஆணியில நல்ல குடை ஒண்ணு சும்மா தொங்குது. எடுத்துட்டுப் போக வேண்டியதுதானே? அந்த வீட்டுல ஒருத்தர் கண்ணுக்குமா அது படல?"

கொல்லென்று சிரிப்பு. பழைய நாட்களின் அதே சிரிப்பு. அவளும் கண்ணைத் துடைத்தபடி சிரித்தாள்.

மருந்துக்கடை அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. எழுந்தே விட்டார். "ஐயோ, அது செத்துப்போன அப்பாவோட குடைங்க! அதை எடுத்துட்டா, அவர் இல்லேன்னு ஆயிடுமே!"

கணக்கு வாத்தியார் கை தூக்கினார். அவருக்குப் பின்னால் இன்னும் யார் யாரோ. மைக் கைமாறிக்கொண்டே இருந்தது. கடைசியில் வாட்ச்மேன் வந்து சாவிக்கொத்தை ஆட்டித்தான் கூட்டத்தைக் கிளப்ப வேண்டியிருந்தது.

வெளியே மழை விடவில்லை. மாமா கைக்குட்டையை உதறித் தலையில் போட்டுக்கொண்டார்.

"மன்னிச்சுக்குங்க மாமா," என்றபடி பின்னாலேயே வந்தார் செயலாளர். "ஆனாலும் ஊருக்கே புரிஞ்ச விஷயம் உங்களுக்கு மட்டும் புரியலையே!"

மாமா சிரித்துக்கொண்டார்.

"இருங்க, இந்த மழையில எப்படிப் போவீங்க? உங்க வீட்டுல ஒரு குடைகூடவா இல்ல?"

"இருக்கே தம்பி," என்றார் மாமா, படியில் இறங்கிக்கொண்டே. "உங்க அத்தையோடது. கதவுக்குப் பின்னால ஆணியிலதான் தொங்குது."