அழுதது யாருக்கு

போரில் இறந்தவர்களின் கல்லறைகளைப் படமெடுக்க ராணுவ மயானத்துக்கு வந்திருந்தார் புகைப்படக்காரர். நடுத்தர வயதுத் தம்பதி ஒரு கல்லைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

"உங்க பையனாம்மா?"

"இல்ல தம்பி."

"கூடப் பொறந்தவரா?"

"யாருன்னே தெரியாது."

புகைப்படக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. "கல்லுல பேர் இருக்கேம்மா?"

"அது இவர் பேரு," என்று கணவரைக் காட்டினாள். "இவர் செத்துட்டார்னு சொல்லி, மூடின பெட்டியை இங்க புதைச்சாங்க. நாலு மாசம் கழிச்சு இவர் நொண்டிக்கிட்டே வந்து வாசல்ல நின்னார்."

கணவர் கல்லருகே நிமிர்ந்து நின்றார். "என்னையும் இவனையும் சேர்த்து எடுங்க. நான் உயிரோட இருக்கறதைப் பார்த்தாவது இவனை யாராவது தேடி வரட்டும்."

"நானாவது அழுது தீர்த்துட்டேன் தம்பி," என்றாள் மனைவி. "இவனைப் பெத்தவ இன்னும் வாசலையே பார்த்துட்டிருப்பா."