சோக் அத்தை ஊட்டிய பெட்ரோல்

மலையூரில் ஒரு பழைய ஆட்டோ. அதில் சோக் அத்தையும் பிளக் பையனும் குடியிருந்தார்கள். குளிர் நேரத்தில் என்ஜினுக்குக் கொஞ்சம் கூடுதலாகப் பெட்ரோல் ஊட்டுவது அத்தையின் வேலை. அதில் பொறி தட்டுவது பையனின் வேலை.

அன்று காலை ஸ்டார்ட் லீவரை எவ்வளவு இழுத்தும் ஆட்டோ கிளம்பவில்லை. "இந்த பிளக்கைத் தூக்கிக் குப்பையில போட்டாத்தான் சரிப்படும்" என்றார் ஓட்டுநர் ஞானமுத்து.

அது அத்தையின் காதில் விழுந்தது. பிள்ளைக்குத் தெம்பில்லை, அதுதான் விஷயம் என்று முடிவு கட்டினாள்.

"இன்னும் ஒரு வாய் வாங்கிக்கடா, கண்ணு."

"வேணாம் அத்தை! மூக்குவரைக்கும் பெட்ரோல்ல முங்கிக் கிடக்கேன். உடம்பெல்லாம் கரி."

"அதானே, கறுத்துப்போயிட்டியேன்னு பார்த்தேன். வயிறு காய்ஞ்சா அப்படித்தான்" என்று மேலும் ஊட்டினாள்.

ஞானமுத்து பிளக்கைக் கழற்றினார். அத்தை கண்ணை இறுக மூடிக்கொண்டாள். அவரோ அதை மோந்து பார்த்துச் சிரித்தார்.

"அட, சோக்கு உள்ளே போகாம ஒட்டிக்கிட்டு நிக்குதே! அதான் பிளக்கு பெட்ரோல்ல நனைஞ்சு கிடக்கு."

கரியைச் சுரண்டி, துடைத்து, காயவைத்து, பையனை மறுபடி மாட்டினார். அத்தையை உள்ளே தள்ளிவிட்டு லீவரை இழுத்தார். பளிச்சென்று பொறி பறந்தது. ஆட்டோ படபடவென்று மேட்டில் ஏறியது.

"பார்த்தீங்களா அத்தை!" என்று கூவினான் பையன்.

"பார்க்காம என்ன?" உள்ளேயிருந்து பெருமையாகச் சொன்னாள் அத்தை. "காலையில நான் ஊட்டினது இப்பத்தான் உடம்புல ஒட்டுது. நாளைக்கு இன்னும் ரெண்டு வாய் சேர்த்துத் தரேன்."